போஸ்டரில் பெயர் போடுவதில்லை

ஜூன் 11, செவ்வாய்

காலையில் தண்ணீர் வரவில்லை. மேன்ஷனில் பதினெட்டு அறைக்கு ஒரே குழாய், அதுவும் காற்றைத்தான் விட்டது. நாளைக்கு நகராட்சியிலிருந்து 'குடிநீர் விநியோகத்தில் தற்காலிகத் தடை' என்று குறிப்பு வரும். நாங்கள் அதை ஒரு எழுத்து மாற்றாமல் போடுவோம். தண்ணீர் வரவில்லை என்று எழுத எங்கள் பேப்பரில் ஒருவனுக்கும் துணிச்சல் கிடையாது.

இன்று எண்ணூறு காப்பி கூடுதலாகப் போயிற்றாம். பன்னிரண்டரை மணிக்கு போலீஸிடமிருந்து வந்த கொலைச் செய்தி. மாலைப் பேப்பருக்கு அந்த நேரத்தில் வரும் கொலைதான் முதல் பக்கம். ஆசிரியர் சபாபதி என் மேசைக்கு வந்து தோளைத் தட்டிவிட்டுப் போனார். வேலைக்குச் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. அவர் என்னைத் தொட்டது இன்றுதான். பக்கம் வடிவமைக்கிற ஜான்ஸி அக்கா போஸ்டரைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "உனக்குக் கை படிஞ்சிருச்சுடா பரிதி" என்றாள்.

போஸ்டர் என்பது பெட்டிக்கடைகளில் தொங்குமே, அது. அதில் பெயர் போடுவதில்லை, ஊர் போடுவதில்லை. 'கள்ளக்காதல் வெறி: பெண் வெட்டிக் கொலை'. அவ்வளவுதான். யார், எந்த ஊர் என்று தெரியவேண்டுமானால் பேப்பரை வாங்கித்தான் ஆகவேண்டும்.

மெஸ்ஸில் மறுபடியும் சௌசௌக் கூட்டு.

ஜூன் 12, புதன்

சட்டை மூன்று, கைலி இரண்டு துவைத்தேன். எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 15, சனி

அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்திருந்தாள். பத்தொன்பது வயது இருக்கும். கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே வந்திருந்தாள். நர்ஸிங் படிக்கிறாளாம். செவ்வாய்க்கிழமைப் பேப்பரை எட்டாக மடித்துக் கையில் வைத்திருந்தாள். ஆசிரியர் வெளியே போயிருந்ததால் என் மேசைக்கு அனுப்பிவிட்டார்கள்.

பெயர் ரேணுகா. செத்துப்போனது அவளுடைய அம்மா பஞ்சவர்ணம். பாறைப்பட்டி பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவர். அப்பா எட்டு வருஷத்துக்கு முன்பே இறந்துவிட்டார். தெருவில் சரக்கு வேன் ஓட்டுகிற ஒருவன் ஒரு வருஷமாக அம்மாவைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்திருக்கிறான். அம்மா போலீஸில் மூன்று முறை புகார் கொடுத்திருக்கிறார். இரண்டு முறைக்கு ரசீது இருக்கிறது. அதையும் கொண்டுவந்திருந்தாள். அதற்கு மேல் போலீஸ் ஒரு துரும்பையும் அசைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துச் சமையல் அறை வாசலிலேயே அவன் வெட்டிவிட்டான்.

இவ்வளவையும் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். பலமுறை சொல்லியிருப்பாள் போல.

அவள் வந்தது வேறு விஷயத்துக்கு. எங்கள் பக்கத்தில் பெண் செத்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வரவேண்டும். அதைப் போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். பஞ்சவர்ணத்துக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது ஒரே அண்ணன், தவமணி. நத்தம் பக்கம் கடை வைத்திருக்கிறார். புதன்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வந்தது. மாலை ஐந்து மணி வரை பார்த்தார்கள். அவர் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண் தன் பீரோவிலிருந்து ஒரு சேலையை எடுத்துவந்து போர்த்தியிருக்கிறாள்.

"எங்க மாமா பேப்பர்ல போட்டதை நம்பிட்டாரு சார். அது தப்புன்னு பேப்பர்லயே வந்தா பதினாறாம் நாளுக்காவது வருவாரு. எங்களுக்குன்னு வேற யாரும் இல்ல."

பதினாறாம் நாள் வருகிற இருபத்தாறு, புதன்.

ஆசிரியரிடம் பேசுவதாகச் சொல்லி அனுப்பினேன். படியிறங்கும்போது திரும்பி, "இதை யாரு சார் எழுதுறது?" என்று கேட்டாள். போலீஸ் குறிப்பிலிருந்து வரும் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஜூன் 16, ஞாயிறு

விடுமுறை. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தேன்.

இந்தத் தொழிலில் செத்தவர்களுக்கும் வரிசை இருக்கிறது. மந்திரி மறைவார். தலைமையாசிரியர் காலமாவார். ரைஸ்மில் முதலாளி இயற்கை எய்துவார். கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்தால் பலி. சாக்கடையில் இறங்கியவன் 'மூச்சுத்திணறி சாவு'. அகராதியைப் பிரித்துப் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான், மூச்சு நின்றுவிட்டது. பேப்பரைப் படிக்கிறவனுக்கு எதற்குத் தலையைக் குனிய வேண்டும், எதைப் படித்ததும் பக்கத்தைத் திருப்ப வேண்டும் என்று தெரியும். அந்தச் சொல்லே அவனுக்குச் சொல்லிவிடும்.

பெண் என்றால் இன்னும் மோசம். முப்பத்தொன்பது வயதானாலும் 'இளம்பெண்' என்று போட்டால் நூறு காப்பி கூடும். 'அழகி' என்றால் தொழில் வேறு என்று அர்த்தம். அப்புறம் அந்தச் சொல். கள்ள என்று தொடங்குபவை என்னென்ன என்று யோசித்துப் பார்த்தேன். நோட்டு, சாராயம், சாவி, ஓட்டு. எல்லாம் பிடித்துப் பறிமுதல் செய்யவேண்டிய பொருள்கள். அந்த வரிசையில் ஒரு பெண்ணைக் கொண்டுபோய் வைத்தாகிவிட்டது. அவள் அவனைத் திரும்பியாவது பார்த்தாளா என்று யாரும் விசாரிக்கவில்லை. அந்தச் சொல் விழுந்த பிறகு வெட்டியவன்மேல் கூட ஒரு நியாயம் ஒட்டிக்கொள்கிறது. போலீஸுக்கும் வசதி. புகார் கொடுத்தவளைக் காப்பாற்றவில்லை என்றால் கேள்வி வரும். கள்ளக்காதலியை யாரும் காப்பாற்ற வேண்டியதில்லை.

இந்த ஊரையே கொளுத்தலாம் போல இருக்கிறது.

ஜூன் 17, திங்கள்

ஆசிரியரிடம் பேசினேன். ரசீதுகளின் நகலைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். பாவம்தான் என்றார். திருத்தம் போட முடியாது என்றார். போலீஸ் கோபித்துக்கொண்டால் நாளைக்கு எவன் பன்னிரண்டரைக்கு நமக்குச் செய்தி அனுப்புவான் என்று கேட்டார். பேப்பர் ஓடுவதே அதில்தானாம். அது எனக்கும் தெரியும்.

நான் விடவில்லை. அப்படி ஒரு உறவு இல்லை என்கிறாள் மகள் என்றேன்.

"இல்லைன்னு நீ போயிப் பாத்தியா?"

"இருந்துச்சுன்னு யாரு போயிப் பாத்தா?"

கண்ணாடியை இறக்கி என்னை நிதானமாகப் பார்த்தார். "அதை நீதான்யா சொல்லணும்" என்றார்.



ஜூன் 18, செவ்வாய்

மெஸ்ஸில் சாம்பார் புளித்திருந்தது. சண்டை போட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜூன் 19, புதன்

மதியம் பக்கம் அச்சுக்குப் போன பிறகு பழைய குறிப்புகளின் கோப்பை எடுத்தேன். பதினொன்றாம் தேதி போலீஸ் அனுப்பியது ஏழு வரி. 'இருவருக்கும் இடையே பழக்கம் இருந்ததாகத் தெரிகிறது.' அவ்வளவுதான் இருக்கிறது.

பழக்கம். ஒரே தெருவில் இருப்பவர்களுக்குள் எது இருக்குமோ அது. குறிப்பு அனுப்பிய ஏட்டு என்ன நினைத்து எழுதினார் என்பது வேறு கதை. ஆனால் தாளில் இருப்பது அதுதான். மற்றது, குறிப்பைச் செய்தியாக்குகிற டெஸ்க்கில் சேர்ந்தது.

டெஸ்க் என்று எழுதி வைத்திருக்கிறேன். டெஸ்க்கில் காலை வேளையில் இருப்பது ஒரே ஆள்.

ஜூன் 20, வியாழன்

ரேணுகா மறுபடி வந்தாள். கீழே டீக்கடையில் உட்காரவைத்துப் பேசினேன். ஆசிரியர் மறுத்ததைச் சொன்னேன். எப்படியாவது போடப் பார்க்கிறேன் என்று சொல்லி, நான் எழுதி வைத்திருந்த திருத்தத்தைக் காட்டினேன். 'பஞ்சவர்ணம் கள்ளக்காதல் காரணமாகக் கொலை செய்யப்பட்டதாக வெளியான செய்தி தவறானது. அவருக்குக் கள்ளக்காதல் எதுவும் இருந்ததில்லை.'

படித்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினாள்.

"அன்னிக்கு ஒரு தடவைதான் சார் போட்டீங்க. இதுல ரெண்டு தடவை இருக்கு."

இல்லை என்றுதானே போட்டிருக்கிறேன் என்றேன். அந்த 'இல்லை' யார் கண்ணில் படும் என்று கேட்டாள். கல்லூரி விடுதியில் அவளிடம் ஆறுதல் சொல்ல வந்த தோழிகள்கூட, நாங்கள் அதையெல்லாம் நம்பவில்லை என்றுதான் சொன்னார்களாம். சொல்லும்போது அவர்கள் முகத்தில் அதுதான் ஓடிக்கொண்டிருந்ததாம்.

டீ ஆறிப்போயிற்று. அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது சொன்னேன்.

"அன்னிக்கு எழுதுனது நான்தான். போஸ்டரும் நான்தான். போலீஸ் குறிப்புல அந்த வார்த்தை இல்ல."

அழுவாள், செருப்பைக் கழற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். மறுபடி உட்கார்ந்தாள்.

"எழுத எவ்வளவு நேரம் ஆச்சு?"

"நாலு நிமிஷம் இருக்கும்."

நோயாளியின் காய்ச்சல் அளவைக் குறித்துக்கொள்வது போலத் தலையை ஆட்டினாள். பிறகு அந்தத் தாளைத் திருப்பி, பின்புறத்தில் அவளே எழுதிக் கொடுத்தாள். இதைப் போடுங்கள் என்றாள். டீக்கான காசை அவளே கொடுத்துவிட்டுப் போனாள். அதை நான் தடுத்திருக்க வேண்டும்.

ஜூன் 21, வெள்ளி

இன்று மூன்று கொலை, ஒரு தூக்கு. நான் எழுதவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பதில் உட்கார்ந்தவன் என்னைவிட வேகமாக எழுதினான்.

ஜூன் 22, சனி

போட்டுவிட்டோம். ஜான்ஸி அக்கா நான்காம் பக்கத்தில் டெண்டர் அறிவிப்புக்குக் கீழே இடம் பண்ணினாள். "ரெண்டு பிள்ளைய வச்சிருக்கேன். என் பேரு வெளிய வந்துச்சு, உன்னைய உப்புக்கண்டம் போட்டுருவேன்" என்றாள்.

ரேணுகா எழுதியது இதுதான்: 'பாறைப்பட்டி பள்ளி சத்துணவு சமையலர் பஞ்சவர்ணம், தனக்குத் தொல்லை கொடுத்தவர் மீது மூன்று முறை புகார் அளித்திருந்தார். அவர்தான் ஜூன் 11 அன்று பஞ்சவர்ணத்தைக் கொன்றார். அன்று நம் இதழில் பஞ்சவர்ணத்தைப் பற்றி எழுதியது பொய்.' நான் 'பொய்' என்பதைத் 'தவறு' என்று மாற்றப் போனேன். கைப்பழக்கம். பிறகு அப்படியே விட்டேன்.

பேப்பர் போன ஒரு மணி நேரத்தில் ஆசிரியர் கூப்பிட்டார். கத்தவில்லை. திங்கட்கிழமை முதல் வரவேண்டாம் என்றார். அக்காவின் பெயரை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

வேலை போனதைப் பெருமையாக எழுதிவைக்க ஆசையாகத்தான் இருக்கிறது. முதல் பக்கத்தில் ஒரு குடும்பத்தை அழித்துவிட்டு நான்காம் பக்கத்தில் ஏழு வரி போட்டதில் என்ன பெருமை.

ஜூன் 23, ஞாயிறு

ரேணுகாவுக்குப் போன் செய்தேன். மாமா கூப்பிடவில்லையாம். அந்தத் திருத்தத்தைப் படித்ததாக ஊரில் ஒருவர்கூடச் சொல்லவில்லையாம்.

மாமாவின் ஊரையும் கடையையும் கேட்டு எழுதிக்கொண்டேன்.

ஜூன் 24, திங்கள்

நத்தம் பஸ்ஸில் போனேன். பேப்பரிலிருந்து வெட்டிய திருத்தம், ரசீதுகளின் நகல் இரண்டும் பையில். வழியெல்லாம் அந்த மனிதனைத் திட்ட வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன். கூடப் பிறந்தவளின் பிணத்தைவிடப் பேப்பர் பெரிதாகப் போய்விட்டதா உனக்கு என்று தொடங்குவதாக இருந்தேன்.

கடை பஸ் நிறுத்தத்திலேயே இருந்தது. பெட்டிக்கடை. வாழைப்பழத் தார், பீடிக்கட்டு, முறுக்கு ஜாடி. முன்னால் கயிற்றில் எங்கள் பேப்பரின் போஸ்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் எங்கள் பேப்பர் விற்கிறவர் என்று ரேணுகா சொல்லவில்லை. அவளுக்கு அது சொல்லவேண்டிய விஷயமாகத் தோன்றியிருக்காது.

தவமணிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள், பத்து நாள் தாடி. வெட்டிய தாளை நீட்டினேன். தூரத்தில் பிடித்துப் படித்தார். பாக்கு டப்பாவுக்கு அடியில் செருகிவைத்துவிட்டு, வந்து நின்ற ஒருவருக்கு இரண்டு பழம் பிய்த்துக் கொடுத்தார். அவர் போன பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"அது பொய்யின்னு சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீக? எனக்குத் தெரியாதா தம்பி. அவ என் தங்கச்சி."

பிறகு ஏன் போகவில்லை என்றேன். திட்டுவதற்கென்று சேர்த்து வைத்த வார்த்தை ஒன்றும் வரவில்லை.

அவர் சொன்னது இது. அன்றைக்கு மூன்று மணிக்கு பேப்பர் கட்டு வந்தது. பிரித்தார். போஸ்டரை எப்போதும் போலக் கிளிப் போட்டு மாட்டினார். நான்கைந்து பேர் நின்று படித்தார்கள். அதில் ஒருவன் அந்தப் பொம்பளையைப் பற்றி ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று என்னிடம் சொல்ல மறுத்துவிட்டார். கூட்டம் சிரித்தது.

"நானும் சிரிச்சேன். யாரோ எவளோன்னு சிரிச்சேன். வாய மூடல, போன் அடிக்குது. எங்க ரேணு."

ஒரு பீடிக்கட்டை எடுத்து அது இருந்த இடத்திலேயே மறுபடி வைத்தார்.

மறுநாள் காலையில் கடைவீதிக்குப் போய்ச் சேலை எடுத்திருக்கிறார். பஸ் ஏறியும் விட்டார். பாதி வழியில் இறங்கித் திரும்பிவிட்டார். "அந்த வாயோட போயி அவ மொகத்துல எப்படித் துணியப் போடுறது?" என்றார். சேலை கடைக்குள்ளேயே இருக்கிறது என்று மேல் பலகையைக் காட்டினார்.

போஸ்டரை எழுதியவன் நான்தான் என்று சொன்னேன். இந்தமுறை சொல்வது முதல்முறையைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. பிறகு எழுந்து அன்றைய போஸ்டரைக் கயிற்றிலிருந்து உருவினார். மடித்துக் கல்லாவுக்குக் கீழே போட்டார்.

"நான் சிரிச்சது எம் மருமகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நீங்க சொல்லிராதீக" என்றார். கொஞ்சம் கழித்து, "சொல்லுறதா இருந்தா நான்தான் சொல்லணும்" என்றார்.

புதன்கிழமை பதினாறாம் நாள் என்று நினைவுபடுத்தினேன். தெரியும் என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

அறை வாடகைக்கு என்ன செய்வது என்று யோசிக்க முயன்றேன். முடியவில்லை.

ஜூன் 26, புதன்

பாறைப்பட்டிக்கு நான் போகலாமா கூடாதா என்று தெரியவில்லை. ரேணுகாவிடம் கேட்டேன். எஸ்.பி. அலுவலகத்துக்குக் கொடுக்க மனு எழுதவேண்டும், வெள்ளைத்தாள் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

ஒற்றை அறை வீடு. கூட்டம் என்று பத்துப் பேர்கூட இல்லை. பள்ளிக்கூட ஆயா ஒருத்தி, சேலை போர்த்திய பக்கத்து வீட்டுப் பெண், தெருக்காரர்கள் சிலர். படையல் முடிந்தது. சாப்பிட்டவர்கள் கலைந்தார்கள். தவமணி வரவில்லை. ரேணுகா வாசலைப் பார்க்கவே இல்லை. பார்க்கக்கூடாது என்று முடிவு செய்தவள் போல இலைகளை எடுத்துப்போட்டாள், பாத்திரம் துலக்கினாள்.

மூன்று மணிக்கு மேல் பாயில் உட்கார்ந்து மனுவைத் தொடங்கினோம். அவள் சொன்னாள், நான் எழுதினேன். 'கொடூரமான முறையில்' என்று எழுதியதை அடிக்கச் சொன்னாள். "வெட்டினான்னு மட்டும் எழுதுங்க, போதும்." அம்மாவை எப்படிக் குறிப்பிடுவது, அமரர் என்று போடலாமா என்று கேட்டேன். பெயர் எழுதுங்கள் என்றாள். புகார் கொடுத்த மூன்று தேதி. ஒவ்வொரு தேதியிலும் நிலையத்தில் என்ன சொல்லி அனுப்பினார்கள் என்பது. மூன்றாம் முறை, நீ ஒழுங்காக இருந்தால் அவன் ஏன் வருகிறான் என்று கேட்டிருக்கிறார்கள். அதையும் அப்படியே எழுதினேன். பதினான்கு மாதம் தினமும் எழுதியிருக்கிறேன், ஒரு அலங்காரமும் இல்லாமல் எழுதியது இன்றுதான். கை ஒவ்வொரு வரியிலும் எதையாவது சேர்க்கப் பார்த்தது.

முடிக்கும் தறுவாயில் வாசலில் நிழல் விழுந்தது. தவமணி. தாடியை எடுத்திருந்தார். கையில் துணிக்கடைப் பை. உள்ளே வராமல் நிலைக்கு வெளியிலேயே நின்றார்.

அவள் எழுந்திருக்கவில்லை. அவர் நின்றுகொண்டே சொன்னார். கட்டு வந்தது, மாட்டியது, அவன் பேசியது, தான் சிரித்தது. எனக்குச் சொன்னதைவிடக் குறைவான வார்த்தைகளில் சொன்னார். சொல்லி முடித்ததும் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. தண்டனைக்கு நிற்பவர் போல நின்றார்.

வெளியே யாரோ ஆட்டை விரட்டிக்கொண்டு போனார்கள்.

"உள்ள வாங்க மாமா" என்றாள்.

பையை வாங்கிப் பிரித்தாள். கத்தரிப்பூ நிறத்தில் நூல் சேலை. அதை அம்மாவின் படத்துக்கு முன்னால் வைக்கவில்லை. தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு இதைத்தான் கட்டிக்கிட்டு எஸ்.பி. ஆபீஸுக்குப் போறேன். நீங்களும் வரணும். இதுல உங்க கையெழுத்தும் வேணும். போட்டா போலீஸ்காரங்க உங்க கடைக்கு வருவாங்க. யோசிச்சுப் போடுங்க."

அவர் தரையில் உட்கார்ந்தார். மனுவை என்னிடமிருந்து வாங்கி முதலிலிருந்து படித்தார். உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். மூன்றாம் புகாரில் அந்த வரி வந்தபோது நின்றார். மறுபடி அதையே படித்தார். பிறகு பேனாவைக் கேட்டார்.

ரேணுகாவின் கையெழுத்துக்குக் கீழே தன் பெயரை எழுதினார். பெயருக்குப் பக்கத்தில் செத்தவருக்கு என்ன உறவு என்று குறிப்பிட வேண்டும் என்று நான்தான் சொன்னேன். பேனாவைத் தாளின்மேல் வைத்தபடியே இருந்தார். மை ஒரு புள்ளியாக ஊறியது. அப்புறம், பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதுவது போலப் பெரிய எழுத்தில் எழுதினார்.

கூடப் பிறந்த அண்ணன்.